நடுப்பாரில் நங்கூரம் இல்லை

வடபார் மிதவை நிலையம்
மார்ச் 3, 2089. காலை 6.10
நீர் வெப்பம் சரி. நீரோட்டம் வடக்கு நோக்கி. பதிவு: ஃபெபியோலா, பயிற்சி மாணவி. பொறுப்பாளர் கரையில் இருக்கிறார். காற்று அடங்கியதும் வருவார்.

இதைப் படிப்பவருக்கு: தென்பார்ப் பவளக் குஞ்சுகள் இவ்வளவு தூரம் உயிரோடு மிதந்து வராது. நடுப்பாரில் ஒட்டி வளர்ந்து, அங்கே பிறப்பவைதான் இங்கே வரும். அதனால் தென்பார், நடுப்பார், வடபார் என்ற மூன்று பாறைத்திட்டுகளையும் ஒரே காப்பகமாக வரைபடத்தில் நான்தான் இணைத்தேன். காப்பகமானால் பவளத்தை நொறுக்கும் நங்கூரத்துக்குத் தடை; ஊர்ச் சங்கம் மறுத்தது. காற்றில் சிக்கும் படகுகள் காலங்காலமாக நடுப்பாரில்தான் நங்கூரம் போடும். அப்பாதான் ஆதரவாக முதலில் கை தூக்கினார். "என் மவ சொன்னா கடலே கேக்கும், நான் கேக்கமாட்டனா?" என்றார். சிரித்துக்கொண்டே மற்றவர்களும் தூக்கினார்கள்.

மார்ச் 4. மாலை 7.40
காற்று திடீரெனப் புயலாகிவிட்டது. அப்பாவின் படகிலிருந்து வானொலி:

"ஏட்டி, மோட்டார் நின்னுட்டு. நடுப்பாருக்கு மேலதான் கெடக்கேன். ஒன் பவளம் முட்ட போட்டுட்டு போல, தண்ணியெல்லாம் ரோஸா இருக்கு."

நங்கூரம் போடச் சொன்னேன். கெஞ்சினேன்.

"மொத கை தூக்குனவன் நான்லா. நானே போட்டா நாளைக்கு எவன்ட்டி ஒன் படத்த மதிப்பான்? காத்து இப்ப அடங்கிரும்."

அதன்பின் இரைச்சல் மட்டும்.

மார்ச் 5. காலை 9.00
காற்று அடங்கவில்லை. மீட்புப் படகுகள் கிளம்ப முடியவில்லை. குஞ்சுகள் மிதக்கும் பாதையைக் கணிக்கும் இயந்திரத்தில் அப்பாவுடைய படகின் நீளம், எடை, காற்றின் வேகம் எல்லாம் கொடுத்தேன். இரண்டுக்கும் ஒரே பாதை. வந்து சேரும் இடம் வடபார். நாள், மார்ச் 8.

மார்ச் 7
சாப்பிடவில்லை. அளவீடுகள் எடுக்கவில்லை. மறுபடி கணக்குப் போட்டேன். அதே விடை.

மார்ச் 8. காலை 6.25
குஞ்சுகள் வந்துவிட்டன. கண்ணாடித் தகடுகளில் கடுகைவிடச் சின்னதாக, உயிரோடு ஒட்டியிருக்கின்றன. பொறுப்பாளர் வானொலியில் அழுதார்: "வழி தொறந்துருச்சும்மா."

6.50
இதுவரை என் கணக்கு சரியாக வர வேண்டுமென்றுதான் வேண்டியிருக்கிறேன். இன்று தப்பாகட்டும். அப்பா வேறெங்காவது கரையேறியிருக்கட்டும்.

7.05
தெற்கே ஏதோ மிதக்கிறது. கவிழ்ந்த படகு. எங்கள் பச்சை நிறம். பக்கத்தில் யாரும் இல்லை. நேராக வருகிறது, நான் வரைந்த கோட்டின் மேலேயே