டப்பா அத்தையின் கண்

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் சுகம். அங்கு நீ, மாப்பிள்ளை, குட்டி மூவரின் சுகத்தையும் அறிய ஆவல். உன் மாமியாரின் சுகத்தை நான் கேட்க வேண்டியதில்லை. வாய் அப்படியே இருக்கிறதென்று உன் கடிதத்திலிருந்தே தெரிகிறது.

படம் வந்து சேர்ந்தது. போர்வைக்குள் மூக்கும் கன்னமுமாகக் குட்டி தூங்குவதை மாற்றி மாற்றிக் கையில் வாங்கிப் பார்த்தோம். உன் அத்தான் எழுந்து போய், சமையலறையிலிருந்து நாங்கள் சர்க்கரை போட்டு வைத்திருக்கும் பழைய பால்மாவு டப்பாவை எடுத்து வந்து படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அதே கன்னம், அதே தாடைக்குழி. 'உங்க குடும்பத்துக்கு வேற முகமே கிடைக்கலையா?' என்று கேட்டுவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார்.

நாம் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த கதைதானே. எல்லாக் கடைகளிலும் அடுக்கி வைத்திருக்கும் அந்தப் பால்மாவு டப்பாவில் இருக்கும் பாப்பா நம் அப்பாவின் அக்கா, நமக்கு அத்தை. அப்பா கடைக்குள் நுழைந்தால் முதலில் அந்த அடுக்கைப் பார்த்து, 'என்னக்கா, சௌக்கியமா?' என்று சத்தமாகக் கேட்பார். கடைக்காரர் சிரிப்பார். நாம் இருவரும் வெட்கத்தில் செத்துப்போவோம். இப்போது கம்பெனியே அந்தப் பாப்பாவின் குடும்பத்தைத் தேடுகிறது, அதே குடும்பத்துக் குழந்தையின் முகத்தைத்தான் புது டப்பாவில் போடப்போகிறது என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்குக் கை பரபரத்தது. குட்டியின் படத்தோடு உன் படத்தையும் கேட்டிருக்கிறார்கள் என்றாயே. தாயும் எப்படி இருக்கிறாள் என்று பார்க்க ஆசையாக்கும். தலையை ஒழுங்காக வாரிக்கொண்டு எடு.

ஆனால் ஆதாரம் வேண்டும் என்கிறார்கள். போதாததற்கு உன் மாமியார் வேறு, 'எல்லார் வீட்லயும்தான் ஒரு டப்பாப் பாப்பா இருக்கு' என்று சொல்லியிருக்கிறார். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதை நான் விடுவதாக இல்லை.

பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு வம்சப் படம் வரைய ஆரம்பித்திருக்கிறேன். பிறந்தவர், கட்டியவர், பெற்றவர் என்று எல்லாக் கிளையும் நிறைந்துவிட்டது. டப்பா அத்தையின் கட்டம் மட்டும் காலி. அவரைக் கட்டிக்கொண்டவர் கப்பல் கேப்டன் என்கிறார் சின்ன அத்தையின் மகன். டாக்டர் என்கிறாள் அவர் மனைவி. இரண்டு பேரும் என் எதிரிலேயே அதற்குச் சண்டை போட்டார்கள். அத்தை தூரதேசத்தில் ராஜபோகமாக வாழ்ந்தார் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிகிறது. நேரில் பார்த்தவர் ஒருவரும் இல்லை. கடைசியில் சின்ன அத்தையையே கேட்டேன். அப்பாவுக்கு நேர் இளையவர், கூடப் பிறந்தவர்களில் மிச்சம் இருப்பவர் அவர்தானே. 'அவ எங்கடி வளர்ந்தா, கட்டிக்குடுக்க?' என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வயதாகிவிட்டது, எதையோ எதனோடோ குழப்புகிறார் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆதாரத்துக்கு எனக்கு வேறு ஒரு யோசனை இருக்கிறது. நம் இடது கண்ணின் கருவிழியில், கீழோரமாக, ஊசிமுனை அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி இருக்கிறதே. அப்பாவுக்கும் இருந்தது, சின்ன அத்தைக்கும் இருக்கிறது. உனக்கு அது வந்த புதிதில், பள்ளிக்கூடத்திலிருந்து கண்ணில் தூசியோடு வந்துவிட்டாய் என்று அம்மா ஊதி ஊதி ஓய்ந்துபோனாள், நினைவிருக்கிறதா? நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்கு அளவெடுப்பது என் வேலை. எங்கள் கண்ணாடிக் கடைக்கு வருகிற ஒருவருக்கும் அதே இடத்தில் அப்படிப் புள்ளி இருந்து நான் பார்த்ததில்லை. கடையின் பூதக்கண்ணாடியை வீட்டுக்கு எடுத்து வந்து டப்பாவைப் பார்த்தேன். அச்சு மங்கலாக இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. மூலப் படத்தைத்தான் பார்க்க வேண்டும். அதை வரைந்தவரின் மகன் எங்கள் ஊரிலேயே பெயர்ப்பலகைக் கடை வைத்திருப்பதாகக் கம்பெனிக்காரர் உன்னிடம் சொன்னாராமே. இந்த வாரம் போய்ப் பார்க்கிறேன்.

குட்டி எந்நேரமும் தூங்குகிறாள் என்று கவலைப்பட்டு எழுதியிருந்தாய். நீ கைக்குழந்தையாக இருந்தபோது தெருவையே தூங்கவிடவில்லை. அவளாவது உன்னைத் தூங்கவிடட்டும்.

பிரியமுள்ள,
அக்கா

*

அன்புத் தங்கைக்கு,

ஜெயித்துவிட்டோம்! உன் மாமியாரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு இதைப் படி.

பெயர்ப்பலகைக் கடைக்குப் போனேன். வாசலில் பாதி எழுத்து எழுதிய பலகைகள், உள்ளே நுழைந்தால் மூச்சை அடைக்கிற பெயின்ட் வாடை. ஓவியரின் மகன் எங்கேயோ பலகை மாட்டப் போயிருந்தார். அவர் மனைவிதான் பின்னறைக்குக் கூட்டிப் போனார். படம் சுவரில் மாட்டியிருந்தது, மேலே ஒரு பழைய திரைத்துணி தொங்கியது. தூசிக்காக மூடியிருக்கிறீர்களா என்று கேட்டேன். 'தூசிக்கில்லீங்க. வேலை செய்யவிடாம பார்த்துக்கிட்டே இருக்கும்' என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் துணியை விலக்கினார்.

டப்பாவில் உள்ளங்கை அளவு பார்த்த முகம் அங்கே ஜன்னல் அளவுக்கு இருந்தது. நான் ஸ்டூலில் ஏறிப் பூதக்கண்ணாடியை வைத்தேன். இடது கண். கருவிழி. கீழோரம். புள்ளி இருக்கிறது! நம் புள்ளி! அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு நான் சிரித்த சிரிப்பில் அவர் பயந்தே போனார். அப்பா இருந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்.

ஒன்று மட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. நான் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அந்தக் கண் என்னையே பார்த்தது. நன்றாக வரைந்த படம் எதுவும் அப்படித்தான் பார்க்கும், அது தெரியாமல் இல்லை. ஆனால் குழந்தை என்றால் விளக்கைப் பார்க்கும், வளையலைப் பார்க்கும், நம் முகத்தைத் தாண்டி எதையாவது பார்க்கும். இது, ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறவர் பார்ப்பதுபோல் பார்த்தது. வீட்டுக்கு வந்து சர்க்கரை டப்பாவைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். உன் அத்தான், 'பெரிய மனுஷிய இப்படியா அவமானப்படுத்துறது?' என்று கேலி செய்து மறுபடி இந்தப் பக்கம் திருப்பிவிட்டார்.

அதை விடு. உடனே நல்ல ஸ்டூடியோவாகப் பார்த்து இரண்டு பேரும் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். நம் குட்டியின் முகம் கடை கடையாக இருக்கப்போகிறது. நானும் இனி அப்பா மாதிரி கடைக்குள் போய்ச் சத்தமாக நலம் விசாரிப்பேன்.

பிரியமுள்ள,
அக்கா

*

அன்புத் தங்கைக்கு,

படங்களை அனுப்பாதே. சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகு, இதை முதலில் எழுதிவிடுகிறேன். அனுப்பு என்று போன கடிதத்தில் குதித்தவள் நான்தான். இப்போது நானேதான் வேண்டாம் என்கிறேன். போன் செய்யலாம் என்று எடுத்தேன். பேசினால் அழுதுவிடுவேன், நீ பயந்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்ட பிறகு, கண்ணாடிக்கு அளவு கொடுக்க ஒருத்தி கைக்குழந்தையோடு வந்தாள். அவளுக்கு அளவெடுக்கும்போது குழந்தையை என் மடியில் வைத்துக்கொண்டேன். அது என்னைப் பார்த்தது. கண் முழுக்கக் கறுப்பு, ஓரத்தில் துளி வெள்ளை. எல்லாக் கைக்குழந்தைக்கும் அப்படித்தான், எனக்குப் புதிதில்லை. ஆனால் அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். படத்தில் இருக்கும் கண்ணில் இரண்டு பக்கமும் வெள்ளை நிறைய. கீழ் இமைக்கடியில் ஒரு மெல்லிய கோடுகூட இருந்தது. அப்புறம் அந்தப் புள்ளி. உனக்கு அது பிறக்கும்போது இல்லை, பள்ளிக்கூடம் போன பிறகு வந்தது. எனக்கும் அப்படித்தான். கடையில் மாலையில் உட்காருகிற கண் டாக்டரைக் கேட்டேன். அந்த மாதிரிப் புள்ளி பால்குடிக் குழந்தைக்கு வருவதில்லை, வளர வளரத்தான் வரும் என்றார். என் வேலையே கண்தான், நானே யோசித்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் புத்தி எங்கே போயிற்றோ.

மறுபடி பெயர்ப்பலகைக் கடைக்குப் போனேன். இந்தத் தடவை மகன் இருந்தார். நான் இன்னார் பேத்தி என்று சொன்னதும் கையில் இருந்த பிரஷைக் கழுவி வைத்துவிட்டு, படத்தின் சட்டத்துக்குப் பின்னாலிருந்து இரண்டு போட்டோக்களை எடுத்துக் கொடுத்தார். பெரிதாக வரைவதற்காகச் சின்னப் படத்தின் மேல் பென்சிலால் கட்டம் போட்டுக்கொள்வார்களே, அப்படிக் கட்டம் போட்ட போட்டோக்கள். ஒன்றில் நம் டப்பா அத்தை. கண் மூடியிருக்கிறார். முகம் முழுக்கக் கட்டம் இருக்கிறது, கண் இருக்கும் இடத்தில் மட்டும் இல்லை. இன்னொன்று அப்பாவைப் பெற்றவளின் படம். அதில் வேறு எங்கும் கட்டம் இல்லை, கண்ணின் மேல் மட்டும் இருக்கிறது.

குழந்தை தூங்கும்போது எடுத்த படமா என்று கேட்டேன். தெரிந்தேதான் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, 'இல்லம்மா. தவறின அன்னிக்குக் காலையில எடுத்தது' என்றார்.

வீட்டில் அந்தக் குழந்தையை ஒரு படம்கூட எடுத்து வைத்திருக்கவில்லையாம். அன்றைக்கு அவசரமாகப் போட்டோக்காரரை வரவழைத்து எடுத்த அந்த ஒரு படத்தைத் தூக்கிக்கொண்டு, நம் அப்பாவின் அம்மா தனியாக ஓவியரிடம் வந்திருக்கிறாள். கண்ணைத் திறந்து வரைந்து கொடுங்கள், ஒரு தடவை என்னைப் பார்க்கட்டும் என்று கேட்டாளாம். எந்தக் கண்ணைப் பார்த்து வரைவது என்று ஓவியருக்குத் தெரியவில்லை. 'என் கண்ணை எடுத்துக்கோங்க' என்று சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்துவிட்டாளாம். ஓவியர் அவளைப் போட்டோவும் எடுத்துக்கொண்டார், நேரிலும் பார்த்து வரைந்தார். அழுதால் கண் சிவந்துவிடும், நிறம் மாறிவிடும் என்று ஓவியர் சொல்லியிருக்கிறார். அவள் அழவே இல்லையாம். அதை மட்டும் தன் அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார் என்றார் மகன்.

படம் காய்வதற்காகக் கடையில் மாட்டியிருந்தபோது, பலகை எழுதக் கொடுக்க வந்த பால்மாவுக் கம்பெனிக்காரர் பார்த்துவிட்டு, டப்பாவில் போடக் கேட்டிருக்கிறார். அவளும் சம்மதித்திருக்கிறாள், எல்லார் வீட்டிலும் வளரட்டும் என்று. டப்பா வந்த பிறகு மூலப் படத்தை வாங்கிக்கொள்ளக் கூப்பிட்டால் வாசல்வரை வந்தாளாம். 'அது என் பொண்ணு பார்க்கிற மாதிரி இல்ல. நான்தான் என்னைப் பார்க்கிறேன்' என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனவள்தான், அப்புறம் அந்தத் தெருப்பக்கமே வரவில்லை.

நேரே சின்ன அத்தையிடம் போனேன். இந்தத் தடவை அவர் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. 'எங்கம்மா கண்ணாடியே பார்க்கமாட்டா. கையால தடவித் தடவித்தான் தலை சீவுவா. கடை வாசல்ல போனா முந்தானையால மூஞ்சிய மூடிக்குவா' என்றார். அடக்கமான பெண்பிள்ளை என்று ஊரெல்லாம் அவளைப் பாராட்டியதாம். கப்பல் கேப்டனும் டாக்டரும், பிள்ளைகள் அக்கா எங்கே என்று கேட்டபோதெல்லாம் அவள் சொன்ன பதில்கள். அப்பா அதை நம்பினார். நம்பித்தான் கடை கடையாக நலம் விசாரித்தார். அவர் யாரிடம் விசாரித்தார் என்று நினைத்துப் பார். தன் அம்மாவின் கண்ணைப் பார்த்து, அக்கா என்று கூப்பிட்டிருக்கிறார். சர்க்கரையை வேறு பாட்டிலில் கொட்டிவிட்டேன். உன் அத்தான் இப்போது கேலி செய்வதில்லை. டப்பாவை அவரேதான் துணியில் சுற்றி மேல் அலமாரியில் வைத்தார். தூக்கிப்போட எங்கள் இருவருக்குமே மனசு வரவில்லை.

இதெல்லாம் பழைய கதை, பாவம் அவள், அதற்கும் குட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று நீ கேட்பாய். நானும் அப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வந்தால் உன் கடிதம் காத்திருக்கிறது. ஸ்டூடியோவுக்குப் போன தடவையெல்லாம் குட்டி தூங்கிவிட்டாள், எவ்வளவு முயன்றும் விழிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். கம்பெனிக்காரர் உன்னிடம், 'தூங்குற படமே போதும்மா. கண்ணை நாங்க பார்த்துக்கறோம், உங்க படம்தான் இருக்கே' என்று சொன்னாராம். நல்ல மனிதர், எவ்வளவு அனுசரணை என்று அவரைப் புகழ்ந்து வேறு எழுதியிருக்கிறாய்.

அவர் நல்ல மனிதராகவே இருக்கட்டும். எனக்கு யார்மேலும் குற்றம் சொல்ல வேண்டாம். உன் கண்ணை யாருக்கும் கொடுக்காதே, அவ்வளவுதான். உன் மாமியார் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். நம் வீட்டில் டப்பாப் பாப்பா யாரும் கிடையாது, அக்கா விசாரித்துவிட்டாள், எல்லாம் கட்டுக்கதை என்று சொல்லிவிடு. நான் தோற்றதாகவே இருக்கட்டும்.

நீ இதுவரை அனுப்பிய குட்டியின் படங்களையெல்லாம் எடுத்து மேசையில் பரப்பி வைத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் தூங்குகிறாள். நான் ஒன்றும் நினைக்கவில்லை. கைக்குழந்தை தூங்காமல் வேறென்ன செய்யும். இருந்தாலும் டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடு. கண்ணைத் திறந்து அவள் பார்க்கிற படம் ஒன்று எனக்கு வேண்டும். அழுதுகொண்டிருந்தாலும் சரி, கை ஆடி மங்கலாக விழுந்தாலும் சரி. கண் முழுக்கக் கறுப்பாக, புள்ளி எதுவும் இல்லாமல், அவளுடைய கண்ணாக இருந்தால் போதும்.

நூறு வயதுவரை அவள் இந்த உலகத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு குறையும் வரக்கூடாது. தூங்குகிற பிள்ளையை எழுப்பாதே என்று எல்லோரும் உனக்குச் சொல்லியிருப்பார்கள், நானும்தான் சொன்னேன். இதைப் படித்து முடிக்கும்போது குட்டி தூங்கிக்கொண்டிருந்தால், போய் எழுப்பு.

என்றும் உன்,
அக்கா