பி-5: ஒரு ஆள்

ஜனவரி 14, யோயென்சூ, கிழக்கு ஃபின்லாந்து

எங்கள் கட்டடத்துக்கு அடியில் போர்க்காலப் பதுங்கு அறை ஒன்று இருக்கிறது. இத்தனை வருடமாக அதில் எங்கள் சைக்கிள்கள்தான் பதுங்கியிருக்கின்றன. இப்போது காலி செய்யப் போகிறார்களாம். நிலைமை முற்றினால் எந்த வீட்டிலிருந்து எத்தனை பேர் இறங்குவார்கள் என்று நிர்வாகி போனில் செய்தி அனுப்பிக் கேட்டிருந்தார். பி-5, ஒரு ஆள் என்று அனுப்பினேன். கீழே பொடி எழுத்தில்: விலங்குகளுக்கு அனுமதி இல்லை. அனுப்பிய பிறகுதான் படித்தேன். என் பூனை நாப்பி மடியில்தான் படுத்திருந்தாள்.

அப்புறம் எல்லைச் செய்திகள் படித்தேன். இரண்டரை மணி நேரம்.

ஜனவரி 17

போர்நிறுத்தப் பேச்சு முறிந்தது.

ஜனவரி 19

போன் தன் வாரக் கணக்கைச் சொன்னது: நாளுக்கு ஆறு மணி பத்து நிமிடம். என் பிழைதிருத்தும் வேலைக்கே நான் அவ்வளவு நேரம் கொடுப்பதில்லை.

எதிர்வீட்டு பி-4 கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கோட்டும் தொப்பியுமாக என் கதவுக்குப் பின்னால் நின்று, அவர் இறங்கிப் போகட்டும் என்று காத்திருந்தேன். படிக்கட்டில் எதிர்ப்பட்டால் ஏதாவது பேச வேண்டிவரும். பதினோரு வருடமாக அவரும் எனக்காக இப்படி நின்றிருப்பார். நல்ல மனிதர்.

ஜனவரி 22

நாப்பியைக் காணோம்.

காலையில் குப்பை கொட்டப் போனேன். பேச்சு மறுபடி தொடங்கலாம் என்று ஒரு செய்தி. படித்துக்கொண்டே போய், படித்துக்கொண்டே வந்து — கதவைச் சாத்திவிட்டுத்தான் போனேனா? சாயங்காலம் கிண்ணத்தில் தீனி அப்படியே இருந்தது. நாள் முழுக்க அவள் வீட்டில் இல்லை, எனக்குத் தெரியவில்லை. வெளியே மைனஸ் பத்தொன்பது.

ஜனவரி 23

ஊர்ப் பூனைக் குழுவில் படம் போட்டேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் அழுமூஞ்சிப் பொம்மை போட்டார்கள். ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை.

சினிக்கா அக்கா கூப்பிட்டாள். "எந்த நாட்டுல எந்தப் பாலம் இடிஞ்சதுன்னு கேட்டா டக்குனு சொல்ற. வீட்டுல பூனை இல்லன்னு தெரிய ஒரு நாள் ஆச்சாடி உனக்கு?"

ஜனவரி 24

இல்லை.

ஜனவரி 26

செத்திருப்பாள். எழுதிவிட்டால் பழகிவிடும் என்று எழுதிப் பார்க்கிறேன். பழகவில்லை. அன்றைக்கு அந்தச் செய்தியில் வேறென்ன இருந்தது என்றுகூட ஞாபகமில்லை. சனியன் பிடிச்ச போன். அதையேதான் நிமிஷத்துக்கு ஒரு தடவை பாக்கறேன், யாராவது ஏதாவது எழுதினாங்களான்னு.

ஜனவரி 27

ஆற்றங்கரை வரை தேடிவிட்டு வந்தேன். குளிரில் போன் அணைந்துவிட்டது. கட்டட வாசலுக்குள் நின்று கையைச் சூடாக்கும்போது, பார்க்க வேறு ஒன்றும் இல்லாததால் அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன். கட்டடத்தின் சௌனா நீராவிக் குளியல் யாருக்கு எப்போது என்ற பட்டியலுக்குப் பக்கத்தில், பென்சிலில்: சாம்பல் நிறப் பூனை என்னிடம் இருக்கிறது. பி-4. ஜனவரி 22.

ஐந்து நாளாக அதைத் தாண்டித்தான் போய் வந்திருக்கிறேன், போனைப் பார்த்தபடி.

மணி அடித்தேன். அவர் பெயர் அவுலிஸ். காலடியில் நாப்பி, கொஞ்சம் குண்டாகி.

"என் பூனைன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுமே. கீழருந்து உங்க ஜன்னல்ல தினம் பாக்கறேனே."

"அப்புறம் ஏன் மணி அடிக்கல?"

"அதெப்படி... கூப்பிடாம ஒருத்தர் வீட்டு மணிய அடிக்கறது? உங்களுக்குத் தொந்தரவா இருக்குமே. அதான் எழுதி ஒட்டினேன்."

அங்கேயே நின்று அழுதேன். அவர் தரையைப் பார்த்தபடி, "காபி இருக்கு," என்றார்.

பிப்ரவரி 9

நாப்பி காலையில் அவர் கதவடியில் போய்க் கத்துகிறாள். வறுத்த மீன் கொடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறார். உலக நடப்பை வாரத்துக்கு ஒரு தடவை நான் சொன்னால் போதுமாம். "நீங்க பாக்கலன்னா நின்னுடப் போகுதா?"

பிப்ரவரி 15

பதுங்கு அறையைக் காலி செய்ய எல்லோரும் கூடினோம். கதவில் நிர்வாகி ஒட்டிய பட்டியல். பி-5: 1. பி-4க்கு நேரே காலி. போனில் வந்த கேள்வி, போனே வைத்துக்கொள்ளாத அவுலிஸுக்குப் போய்ச் சேரவே இல்லை. பென்சிலை எடுத்து 0 போட்டார்.

"நீங்க இறங்க மாட்டீங்களா?"

"பூனைய உள்ள விடமாட்டாங்களாமே. நீங்க கீழ வந்துட்டா, அது கூட யாராவது இருக்கணும்ல?"

பென்சிலை வாங்கி என் ஒன்றை அடித்தேன். பக்கத்தில் 0 போட்டேன். அதன் பிறகு அவர் ஒரு முனையும் நான் ஒரு முனையும் பிடித்து, யாருடையதென்றே தெரியாத ஒரு பழைய பனிச்சறுக்கு வண்டியை வெளியே தூக்கி வைத்தோம்.