பிடில் தந்தியில் துரு, விரலில் புண்

சித்திரை 12
கிருஷ்ணகிரி. எட்டு மணிக்கே வெயில். பிடிலின் முதல் தந்தி மறுபடி துரு. மாட்டி நாலு நாள்கூட ஆகவில்லை. மற்றவர்களுக்கு ஒரு மாதம் வரும். என் வேர்வை அப்படி. இதற்கு முன் கதை நடந்த ஓசூரில் குளிர்ச்சி, இவ்வளவு இல்லை. இங்கே ஒரு கீர்த்தனை முடிவதற்குள் கை நனைந்து விரலெல்லாம் கறுப்பு. இடது கையில் தோல் உரிகிறது. இரண்டு விரலில் வெடிப்பு. நுனி மரத்த மாதிரி.
பாகவதரின் ராமாயணக் கதை இங்கே இன்னும் ஆறு நாள். அப்புறம் மத்தூர்.
வாங்க: தே. எண்ணெய், மல் துணி, முதல் தந்தி 2 (பெங்களூர் போகிறவர் யாராவது?)

சித். 13
மிருதங்கம் சின்னசாமி கையைப் பார்த்துவிட்டான்.
"என்னங்ண்ணா இது?"
"தந்தி அறுத்தது."
நம்பவில்லை. மத்தியானம் அவன் பாய் சுவரோரம் தள்ளிப் போயிருந்தது. சாப்பாட்டில் எனக்குக் கடைசியில் தனி இலை. சத்திரத்துக்காரர் யாரிடமோ கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார். எனக்குக் கன்னடம் அரைகுறை. 'குஷ்ட' என்ற சொல் மட்டும் நன்றாகப் புரிந்தது.

சித். 14
பாகவதர் கூப்பிட்டனுப்பினார்.
"பதினோரு வருஷமா என்கூட இருக்கீங்க. நான் சொல்லல. தர்மகர்த்தா கேக்கறார். ஆஸ்பத்திரியில ஒருதரம் காட்டிடுங்க."
"அதுதான்னு சொல்லிட்டா?"
விசிறியை எடுத்து விசிறிக்கொண்டார்.
இன்று பிடில் இல்லாமல் கதை. பந்தலுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டேன். வீட்டுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்துக் கிழித்தேன். மனைவிக்கு என்னவென்று எழுதுவது?

சித். 15
ஆஸ்பத்திரி. ஏழு மணிக்கே நீள வரிசை. லேடி டாக்டர், சின்ன வயசு. கண்ணை மூடச் சொன்னார். "ஊசி படறப்பல்லாம் சொல்லுங்க."
மணிக்கட்டு, தெரிந்தது. புறங்கை, தெரிந்தது. விரல் நுனி, ஒன்றுமே இல்லை. நுனிக்குச் சற்றுக் கீழே குத்தினார். "ஐயோ" என்று கத்தினேன். வரிசையே திரும்பிப் பார்த்தது.
"நுனி காய்ச்சுப் போயிருக்கு, அவ்வளவுதான். வேர்வை தந்தியை அரிக்குது. அந்தத் துருவும் கறையும் வெடிப்புல இறங்கிப் புண்ணாக்குது. நீங்க பயப்படற வியாதி இல்ல."
களிம்பு இரண்டு வேளை. பத்து நாள் பிடிலைத் தொடக்கூடாது. அதற்குப் பிறகு: வாசிக்குமுன் கை கழுவித் துடைக்க. வாசித்ததும் தந்தியைத் துடைக்க. துருப்பிடித்ததை வைத்துக்கொண்டிராமல் மாற்ற. அந்த வியாதி இல்லை என்பதையும் சேர்த்து எல்லாம் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டேன்.
வாசலில் அரைமணி உட்கார்ந்திருந்தேன். சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். அசதிதான் வந்தது.

சித். 16
புழுக்கம். பாகவதர் எல்லோரும் கேட்கும்படி சீட்டைப் படித்தார். தர்மகர்த்தா வாங்கி இன்னொரு தரம் படித்தார். சத்திரத்துக்காரர் தானே காப்பி கொண்டுவந்தார். சின்னசாமி மட்டும் கிட்டே வரவில்லை.
சாயங்காலம் கிணற்றடியில் அவனைப் பிடித்துக்கொண்டேன். "சீட்டைக் காட்டியும் இன்னும் என்னடா உனக்கு?"
சுற்றிலும் பார்த்தான். சட்டையைத் தூக்கித் திரும்பி நின்றான். இடுப்புக்கு மேலே வெளுத்த படை, உள்ளங்கை அகலம்.
"ஆறு மாசமாச்சுங்ண்ணா. கிள்ளினாலும் தெரியல. யார்கிட்டயும் சொல்லல. உங்க கையைப் பாத்ததும் எங்கிட்ட இருந்துதான் தொத்திக்கிச்சோன்னு..." அப்புறம், "அந்த டாக்டரம்மா திட்டுவாங்களா?"
திட்டமாட்டார், காலையில் நானும் கூட வருகிறேன் என்றேன். சட்டையைக் கீழே விடாமல் அப்படியே நின்றான்.