மாடியில் உன் படம்

இன்று காலை அடையாறில், அந்தக் கல்லூரிப் படிக்கட்டின் அடியில் நின்றபோது மேலேயிருந்து சம்பங்கி வாசனை வந்தது. உன் படத்துக்குப் போட்ட மாலை. உன் பெயரில் ஆய்வரங்கமாம், முதல் மாடியில். லிஃப்ட் வேலை செய்யவில்லை. காலமெல்லாம் சக்கர நாற்காலியில் இருந்தவளுக்கு இப்படியொரு மரியாதை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாற்றுத்திறனாளிகளுக்கு இந்த ஊர் எங்கெல்லாம் கதவைச் சாத்துகிறது என்று நாம் ஆராயத் தொடங்கியபோது, "இதெல்லாம் புவியியலா?" என்று துறையில் சிரித்தார்கள். நாம் நாலைந்து பேர்தான். நமக்கு இருந்ததும் ஒரே வழக்கம்: யாரால் வர முடியவில்லையோ, அவர் இருக்கும் இடத்தில் கூட்டம். நம்மில் ஒருவர் ராயப்பேட்டையில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கட்டிலைச் சுற்றிக் கூடி கட்டுரை வாசித்தோம். நர்ஸ் துரத்தியும் நீ விடவில்லை. வாசலில் நாற்காலியை நிறுத்தி மிச்சத்தை வாசித்தாய்.

தி.நகரில் மாடியில் இருந்த அரங்கம் ஒன்றுக்கு உன்னை நாற்காலியோடு தூக்க ஆட்கள் வந்தார்கள். "நான் என்ன உற்சவராடி, தோள்ல தூக்கிட்டுப் போக?" என்று என்னிடம் சீறினாய். வண்டி நிறுத்தும் இடத்திலேயே பேசத் தொடங்கினாய். மேலே இருந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கி வந்தார்கள். அன்றைக்குத்தான் பலர் நம்மோடு சேர்ந்தார்கள்.

இப்போது மாநாடு உண்டு, ஆய்விதழ் உண்டு, பொன்னாடை உண்டு. இன்று முதல் கட்டுரை வாசிக்க வேண்டிய பெண், சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து தன் சக்கர நாற்காலியோடு வந்து கீழேயே காத்திருந்தாள். ஏற்பாட்டாளர் இறங்கி வந்தார். அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவரேதான்!

"பசங்க தூக்கிடுவாங்க, அஞ்சு நிமிஷ வேலை. நீங்க ஏன் டென்ஷன் ஆகுறீங்க?"

"எல்லாரையும் கீழே கூப்பிடுங்க" என்றேன்.

"மேலே மைக்கெல்லாம் போட்டாச்சே!"

அவர் போய்விட்டார். அந்தப் பெண் தயங்கி, "நீங்க போங்க மேடம், உங்களால ஏற முடியும்ல?" என்றாள். முடியும். காலிப்பர் கம்பி மாட்டிய காலோடு கைப்பிடியைப் பிடித்து ஏறிவிடுவேன். ஏறவில்லை.

மேலே உன்னைப் புகழ்ந்து கைதட்டினார்கள். கீழே, பைக்குகளுக்கு நடுவே, அவள் கட்டுரையை எடுத்தாள். கேட்க நானும் வாட்ச்மேனும்தான். நீ போன பிறகு என்னிடம் மிஞ்சியிருப்பது உன்னுடைய இந்த எரிச்சல்தான். அதை ஆற விடப்போவதில்லை.

"நல்லா சத்தமா வாசிம்மா" என்றேன். "மேலே கேக்கட்டும்."