முதல் ஓலை வாசித்த ஞாயிறு

அம்மா,

இன்று காலை கோயிலுக்குள் நுழைந்ததும் பெயின்ட் வாசனை முகத்தில் அடித்தது. பண்டிகைக்காக உள்சுவர் முழுக்கப் புதிதாக அடித்திருக்கிறார்கள். உனக்கு அந்த வாசனை ஆகாது. இதேபோல் ஒரு வருஷம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஆண்டவரே இன்னைக்கு வெளிய நின்னுதான் கேப்பாரு போல" என்று நீ முணுமுணுக்க, ஜெபத்துக்கு நடுவில் நான் சிரித்துவிட்டேன். இன்று அதை நினைத்தும் சிரிப்பு வரவில்லை.

இன்று எனக்கு முதல் ஓலை வாசித்தார்கள். கல்யாணத்துக்கு முந்தைய மூன்று ஞாயிறும் சபையார் முன்னால் இரண்டு பேரின் பெயரையும் வாசித்து, தடை உண்டா என்று கேட்பார்களே, அந்த ஓலை. நீ கேட்டுக் கேட்டு அலுத்துப்போன கல்யாணத்துக்கு, நீ போன பிறகுதான் தலையாட்டியிருக்கிறேன்.

செம்பட்டி ரோட்டில் என் சாலமன் விபத்தில் இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அப்போது நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அந்த வாரத்துப் பிறந்த நாள்காரர்களையும் திருமண நாள்காரர்களையும் சபைச் செயலாளர் வாசித்துக்கொண்டே வந்தார். பழைய தாளில் எங்கள் பேரை யாரும் நீக்கவில்லை. "சாலமன், செல்வராணி குடும்பம்" என்று வாசித்துவிட்டு, தான் வாசித்தது தனக்கே உறைத்து, மனுஷன் அப்படியே நின்றுவிட்டார். கோயில் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. நீ என் கையைப் பிடித்து எழுப்பினாய். "வாசிச்சாச்சுல்ல, வா. ஒனக்கும் ஜெபம் வேணும்" என்று மற்றவர்களோடு என்னையும் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாய். போதகர் என் தலையில் கை வைத்தபோது அவர் குரலும் உடைந்தது. பெண்கள் பக்கத்தில், மூன்றாவது பெஞ்சில், சாலமனின் அம்மா முகத்தை மூடி அழுதுகொண்டிருந்தார். எழுந்து வரவில்லை.

அத்தைக்கு அவன் ஒரே பிள்ளை. அந்த வலியை நீயும் மறுத்ததில்லை. ஆனால் எனக்கு மறுபடி மாப்பிள்ளை பார்க்கிறாய் என்ற பேச்சு காதில் விழுந்ததும், ஆராதனை முடிந்து எல்லாரும் மரத்தடியில் நிற்கையில் அவர் உன்னை மறித்தாரே: "எம் மவன் குழி மேல புல்லு மொளைக்கல. அதுக்குள்ள ஒங்க மவளுக்கு மாலை கேக்குதா?"

தெருவே கேட்கப் பேசுகிற நீ அன்று சத்தம் போடவில்லை. "மதினி, ஒங்க மவன் போயிட்டான். எம் மவ இருக்கா" என்று மட்டும் சொன்னாய்.

அதோடு சம்பந்திகள் இருவருக்கும் பேச்சு நின்றது. அவர் மூன்றாவது பெஞ்சு என்றால் நீ கடைசிப் பெஞ்சு. திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்க வரிசையில் நிற்கும்போதுகூட நடுவில் யாராவது நுழைகிறார்களா என்று இருவரும் பார்த்தீர்கள். சுகமில்லாதவர்களுக்கான ஜெபத்தில் உன் பேரை வாசித்த வாரங்களிலும் அவர் வீட்டுப்பக்கம் வரவில்லை. உன்னை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே நின்றார். மண் போட்டு முடிந்ததும் போய்விட்டார்.

அன்று வீட்டுக்கு வந்தவர்களில் எரியோட்டுத் தேவராஜும் ஒருவர். உரக்கடைக்காரர், மனைவியை இழந்தவர், நீ இரண்டு முறை சொல்லி நான் இரண்டு முறையும் வேண்டாம் என்ற அதே ஆள். எல்லாரும் பரலோகத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் அண்ணாந்து பார்த்தார், நாலைந்து நாளாய் மின்னிக்கொண்டிருந்த டியூப் லைட்டை. வெளியே போனார், ஒரு ஸ்டார்ட்டரோடு வந்தார், ஸ்டூலில் ஏறி மாற்றினார், "வாரேங்க" என்று கிளம்பிவிட்டார். அந்த வெளிச்சத்தில்தான், அம்மா, அன்றைக்கு நான் சாப்பிட்டேன். அப்புறம் அவர் போன் செய்தபோது எடுக்காமல் இருக்கத் தோன்றவில்லை.

சம்மதம் சொல்வது எளிதாக இருந்தது. பயமெல்லாம் இந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துத்தான். "தடையாவது! சும்மா சம்பிரதாயம்" என்றார் தேவராஜ். அவருக்கு எங்கள் மூன்றாவது பெஞ்சு தெரியாது.

அறிவிப்பு நேரம் வந்தது. சங்கக் கூட்டம், ஞாயிறு பள்ளிப் போட்டி, யாருக்கோ பேத்தி பிறந்த செய்தி. பிறகு போதகர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "எரியோடு சபையைச் சேர்ந்த, மனைவியை இழந்த தேவராஜுக்கும், இந்தச் சபையைச் சேர்ந்த, காலஞ்சென்ற சாலமனின் விதவை செல்வராணிக்கும்..." விதவை என்ற சொல் மைக்கில் பெரிதாகக் கேட்டது. எனக்குப் பின்னால் யாரோ குசுகுசுத்தார்கள். "இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் உண்டானால் சொல்லலாம். இது முதல் ஓலை."

அத்தை எழுந்து நின்றார்.

போதகர் தாளைக் கீழே வைத்துவிட்டார். என் பக்கத்திலிருந்தவள் என் முழங்கையைப் பிடித்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், இந்தக் கல்யாணமே வேண்டாம் என்று கத்திவிட்டு ஓடிவிடலாமா என்றிருந்தது.

"ஐயா," என்றார் அத்தை. "சரியாக் காதுல விழல. இன்னொரு தடவ சத்தமா வாசிங்க."

போதகர் மறுபடி வாசித்தார். ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்தி. அத்தை நின்றபடியே கேட்டார். சாலமன் பேர் வந்த இடத்தில் கண்ணை மூடித் திறந்தார். வாசித்து முடிந்ததும், "சரிங்கய்யா. நல்லாருக்கட்டும்" என்று சொல்லி, சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்.

அடுத்த பாட்டை எல்லாரும் பாடினார்கள். என்ன பாட்டு என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமாய்ப் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டதுபோல அழுதுகொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் அத்தையைத் தேடிப் போனேன். பைக்குள் வேதப்புத்தகத்தை வைத்துக்கொண்டிருந்தார். என்ன பேசுவதென்று தெரியாமல், "காது சரியாக் கேக்கலையா அத்தை? டாக்டர்ட்ட காட்டலாமா?" என்றேன்.

"மொதத் தடவையே நல்லாக் கேட்டுச்சு" என்றார். "பின்னாடி ரெண்டு பேரு குசுகுசுன்னு ஆரம்பிச்சாளுக. பெத்தவ நானே எந்திரிச்சு நின்னு கேட்டுட்டு உக்காந்துட்டா, அப்புறம் எவ வாயத் தொறப்பா?"

அவர் மரத்தடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒங்கம்மா அன்னைக்குச் சொன்னது சரிதான். வீட்டுக்குப் போனதுமே தெரிஞ்சுச்சு. வந்து சொல்லத்தான் கால் வரல. ஒங்க வீட்டு கேட்டு வரைக்கும் வந்துட்டு வந்துட்டுத் திரும்பிட்டேன்."

"அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும் அத்தை."

"தெரிஞ்சிருந்தா நல்லதுதான்."

அதனால்தான் இதை எழுதுகிறேன். உனக்குத் தெரியாமல் இருந்திருந்தால், இப்போது தெரியட்டும்.

பையை வாங்கிக்கொண்டு ரோடு வரைக்கும் கூடப் போனேன். கல்யாணச் சாப்பாட்டுக்கு என்ன வெஞ்சனம், யார் சமையல் என்றெல்லாம் விசாரித்தார். முன்னாலேயே வந்து நிற்பாராம், உப்புப் பார்க்க ஆள் வேண்டுமாம். ஷேர் ஆட்டோ வந்தது. அத்தை ஒரு காலைத் தூக்கி வைப்பதற்குள் டிரைவர் வண்டியை நகர்த்தினான்.

"ஏப்பா! செத்த நேரம் பொறுத்தா என்ன, கொள்ளையா போகுது? பெரியவங்க ஏறட்டும்" என்று கத்திவிட்டேன். ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை வருஷம் தலையைக் குனிந்தே நடந்தவள், எனக்கு இந்தச் சத்தம் எங்கிருந்து வந்ததோ.

அத்தை உள்ளே உட்கார்ந்து, பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சிரித்தார். சாலமன் போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

"அப்பிடியே ஒங்கம்மா தொண்ட" என்றார்.

ஆட்டோ போய்விட்டது. வீடு வரைக்கும் நடந்தே வந்தேன் அம்மா. வழியில் தெரிந்தவர்கள் எல்லாரிடமும் நானாக நின்று, சத்தமாகப் பேசினேன்.