சுரங்கத்தில் கேட்ட குரல்

மார்ச் 4

அன்புள்ள என்னவருக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீங்களும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரித்தால் கிழவி மாதிரி இருக்கிறாள்.

சுரங்கத்திலிருந்து உங்களை மீட்டு ஒன்பது மாதம் ஆகிறது. அறைக்குள் மூச்சு முட்டுகிறது, வெட்டவெளியில் கொஞ்ச நாள் வேலை பார்க்கிறேன் என்று நீங்கள் கிளம்பி ஐந்து மாதம். ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் பேச ஆரம்பித்தாலே எழுந்து போனீர்களே, ஏன்?

உங்கள்
வாயாடி

மார்ச் 19

அன்புள்ள வாயாடிக்கு,

துறைமுகத்தில் கம்பம் ஏறி விளக்கு மாட்டுகிறேன். காற்றுக்குக் குறைவில்லை.

மூச்சு முட்டியது பாதிப் பொய். மண் சரிந்து நான்கு நாள் உள்ளே கிடந்தபோது, உன் குரல் காதுக்குப் பக்கத்திலேயே கேட்டது. "தூங்காதீங்க. கால் விரலை ஆட்டுங்க. தண்ணி ஒரு மடக்கு போதும், மூடி வைங்க" என்று அதட்டிக்கொண்டே இருந்தாய். சொன்னதையெல்லாம் செய்தேன். வெளியே வந்ததும் குரல் நின்றுவிட்டது. வீட்டில் நீ பயந்து பயந்து பேசும்போது அந்தக் குரலைத் தேடினேன். உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே உனக்காக ஏங்கினேன். இதை எந்த முகத்தோடு சொல்வேன்?

உன்னவன்

ஏப்ரல் 2

அன்புள்ள என்னவருக்கு,

படித்துவிட்டு நாள் முழுக்க வேலை ஓடவில்லை. நானும் ஒன்றை மறைத்தேன்.

மூன்றாம் நாள் சுரங்கத்து மேலதிகாரி வந்தார். இனி பிழைத்திருக்க வழியில்லை, தோண்டுவதை நிறுத்தலாமா என்று என்னிடம் கேட்டார். நான் தலையாட்டினேன். உங்கள் தம்பிதான் சண்டை போட்டுத் தோண்ட வைத்தார். அதிலிருந்துதான் உங்களிடம் எனக்கு வாய் எழவில்லை.

உங்களை அதட்டியவள் நானில்லை. அவள் உங்களை விடவில்லை, நான் விட்டுவிட்டேன். அவள் இனி வரமாட்டாள். இங்கே இருப்பது நான் மட்டும்தான்.

வாயாடி

ஏப்ரல் 8

அன்புள்ளவளே,

படித்ததும் கோபம் வந்தது. மறைக்கவில்லை.

பிறகுதான் நான் எழுதிய பொய் உறுத்தியது. வெளியே வரும்வரை அந்தக் குரல் நீடிக்கவில்லை. மூன்றாம் நாளே நின்றுவிட்டது. கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. சரி, முடிந்தது என்று நானும் கண்ணை மூடிவிட்டேன். என்னை நானே விட்டுவிட்டேன். உன்னை மட்டும் எப்படிக் குறை சொல்வேன்?

என் நான்கு நாளைப் பற்றி ஊரே கேட்டது. வெளியே நின்ற உன் நான்கு நாளைப் பற்றி நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். முதல் நாளிலிருந்து சொல்.

உன்னவன்