பாதிரியார் வீட்டுச் சாப்பாட்டு மேசை

பாளையத்துப் பழைய புத்தகக் கடையில் நேற்று அந்த நாவல் கிடைத்தது. அட்டை மட்டும் நாம் படித்த பிரதியில் இருந்ததல்ல. பிரித்ததும் நம் கல்லூரி நூலகத்தின் மழைக்கால வாடை அடித்தது. நின்ற இடத்திலேயே மனசுக்குள் உன்னிடம் பேச ஆரம்பித்துவிட்டேன். நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது என்பது அப்புறம்தான் உறைத்தது.

எம்.ஏ. வகுப்பில் நாம் விவாதித்த நாவல். கடல் கடந்து வந்து மலையூர் ஒன்றில் ஜெபக்கூடம் கட்டும் பாதிரியார், அவர் மனைவி, மகள். ஊருக்கெல்லாம் அவர் வேண்டும். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவர் நாற்காலி மட்டும் காலியாகவே கிடக்கும்.

வட்டமாக உட்கார்ந்ததுமே நம்முடன் படித்த ஒருவன் தீர்ப்புச் சொல்லிவிட்டான். "மதம் மாத்த வந்த ஆளு. அதுக்கு மேல என்ன பேசறது?" எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை.

"அந்த மக அப்பா இல்லாம இருந்து சாப்பிடுறா அல்லே, அத ஒருத்தரும் வாசிக்கலியா?" என்று கேட்டாய். "எங்கப்பாவும் உபதேசியாருதான். போணக்காடு எஸ்டேட்ல கூலிக்காரங்க லயம் லயமா ஏறி இறங்கி ஜெபம் பண்ணுவாரு. கீழ விதுராவில வீட்டுல நானும் அம்மையும் மட்டும் சோறு தின்னுவோம். அவரு நல்ல மனுசன். எனக்கு அவருமேல கோவமும் உண்டு. ரெண்டும் சத்தியம்தான்."

எனக்கு என்ன தோன்றியதோ, வாய் தன்னால் திறந்தது. "எங்காத்துலயும் இதே கதைதான். அப்பாவுக்குக் கோயில்ல பாராயணம். பெருமாளுக்கு நைவேத்யம் ஆச்சான்னு தெரியும், நான் சாப்ட்டேனான்னு தெரியாது."

நீ கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாய். தீர்ப்புச் சொன்னவனும் தன் அப்பாவைப் பற்றி மலையாளம் கலந்த தமிழில், "சாரி, கேட்டோ. எங்க அச்சன் கல்ஃப்ல. எங்க வீட்லயும் அந்தக் கசேர காலிதான்" என்றான். அதற்குப் பிறகுதான் நாம் அந்த நாவலை உண்மையில் படித்தோம் என்று சொல்லவேண்டும்.

வராந்தாவுக்கு வந்ததும் நீ கேட்டாய்: "அந்த மக ஒரு தடவயாவது போயி அவர கூப்பிட்டாளா? புஸ்தகம் முழுக்கக் காத்துகிட்டுல்லா இருக்கா. நாம போயி கூப்பிடுவோம்."

அந்தச் சனிக்கிழமை நீ மலையேறினாய். நான் கோயில் வாசலில் போய் நின்றேன். அப்பா பதறிக்கொண்டு வந்தார். "என்னடி, ஆத்துல என்ன?"

"ஒண்ணுமில்லேப்பா. சேந்து சாப்பிடலாம்னு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு வேஷ்டியைச் சரிசெய்துகொண்டு, "சரி, வா" என்று கிளம்பினார். ஸ்ரீவராகம் தெருவில் அவர் பக்கத்தில் நடந்து வந்த அந்தக் கொஞ்ச தூரம் எனக்கு இன்றும் இனிக்கிறது. உன் அப்பாவும் அன்று உன்னோடு பஸ் ஏறி வந்தாராம். மீன் குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கினார் என்று திங்கட்கிழமை வந்து சொன்னாய்.

என் கல்யாணத்தில் நம் அப்பாக்கள் இரண்டு பேரும் ஒரு மூலையில் நெருங்கி உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறதா? கடவுளைப் பற்றி வாதம் முற்றிவிடுமோ என்று பயந்து நீ அவர்களிடம் ஓடினாய். முழங்கால் வலிக்கு எந்தத் தைலம் நல்லது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது என் மகன் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் கிடக்கிறான். நான் தட்டை வைத்துக்கொண்டு மனத்தாங்கலோடு காத்திருப்பதில்லை. போய்க் கதவைத் தட்டி, "வாடா, சாப்பிடலாம்" என்கிறேன். முணுமுணுத்துக்கொண்டே எழுந்து வருகிறான். உட்கார்ந்ததும் பேச ஆரம்பித்துவிடுகிறான்.